வாயில் தோரணம்

மனைக்கு முகம் வாயில். முகத்தைக் கண்டு அகத்தை அறிவதுபோல, வாயிலைக் கண்டு மனையில் நிகழ்வதை அறிகின்றோம். குலைவாழை நாட்டிய வாயில் திருமணத்தை அறிவிக்கும். வேப்பிலை செருகிய வாயில், அம்மை கண்டவர் உள்ளே உளர் என்பதை உணர்த்தி, நம்மை ஒதுங்கிச் செல்லச் செய்யும். சொல் ஒன்றும் இன்றியே இலைகள் செய்தி கூறுகின்றன. மனைக்குப் புதிய மகவு ஒன்று வருங்கால் அச்செய்தியைத் தெருவார்க்கு இனிது உரைப்பது தோரணம்.

தோரணம் என்னும் சொல் முதற்கண் வளைவமைந்த வாயிலையே குறித்தது. சாஞ்சியில் உள்ள பெருந்தூபியின் நாற்றிசையிலும் நிற்கும் கல்வாயில்கள் தோரணங்கள் என்றே வழங்கப்படுகின்றன. பின்னர், வாயிலை அணிசெய்யும் இலைமாலைக்கும் அதுவே பெயராயிற்று.

மகப்பேறு நிகழ்ந்த மனையைப் புனையும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. நற்றிணையின் நாற்பதாம் பாட்டு அத்தகைய மனை ஒன்றை நம் கண்முன் நிறுத்துகின்றது. காவல் மனையில் மணி ஒலிக்கின்றது. பந்தரில் மணல் பரப்பப்பட்டுள்ளது. வெண்சிறுகடுகும் நெய்யும் பூசி நீராடிய தாய் கண்துயில்கின்றாள். மகவும் செவிலியோடு உறங்குகின்றது. புறநானூற்றின் 281ஆம் பாட்டோ, போரிற் புண்பட்ட வீரனைக் காக்க மனையில் இரவ இலையையும் வேப்பிலையையும் செருகியதைக் கூறுகின்றது. அன்பும் அச்சமும் ஒருங்கே எழும்போது, தமிழர் கை பசிய இலையை நாடியது என்பது இவற்றால் விளங்கும்.

இனி, தோரணம் கட்டும் முறையைக் காண்போம். மூன்றடி அகலமுள்ள வாயிலுக்கு ஐந்தடி நீளமுள்ள தென்னங்கயிறு வேண்டும். இருபுறமும் ஓரோர் அடி முடிச்சிடுவதற்கு ஆகும். மாவிலை பதினொன்று கொள்க. அவை தளிராகவும் இருத்தலாகாது; பழுத்தனவாகவும் இருத்தலாகாது. தளிர் விரைவில் வாடும், பழுத்தது உதிரும். ஏறத்தாழ ஒரே நீளமுடைய முற்றிய பச்சிலைகளைக் காம்போடு பறித்து, நீரில் அலசித் துடைத்துக்கொள்க.

கயிற்றை இரண்டு ஆணிகளுக்கிடையே இழுத்துக் கட்டுக. ஓர் இலையின் காம்புப் பக்கத்தைக் கயிற்றின்மேல் மடித்து, மடித்த இடத்தை ஈர்க்குத் துண்டால் தைத்திடுக. நடுவிலையை முதலில் தைத்து, அங்கிருந்து இருபுறமும் மும்மூன்று அங்குலம் விட்டு மற்றவற்றைத் தைத்தல் நன்று. அங்ஙனம் செய்யின் பதினோரிலையும் முப்பது அங்குலத்துள் அடங்கும். வாயிலின் இருமருங்கும் மும்மூன்று அங்குலம் எஞ்சும். ஒரு கோடியிலிருந்து தொடங்குவோர் மறுகோடிக்கு வரும்போது இலை நெருங்கியோ அகன்றோ போதல் உண்டு.

இலைகளுக்கிடையே பத்து வெளிகள் உள்ளன. அவற்றைக் குருத்தோலையால் நிரப்புக. குருத்தோலை வெளிர்மஞ்சள் நிறமும் மென்மையும் உடையது, மடித்தால் ஒடியாது. ஓலையின் நடுவே ஓடும் ஈர்க்கை நீக்கி, இருபாதியாகக் கிழித்துக்கொள்க. ஒரு பாதியை நடுவில் மடித்துக் கயிற்றின் பின்புறமாகச் செலுத்தி, அம்மடிப்பின் கண்ணுக்குள் இரு நுனிகளையும் நுழைத்து இழுத்தால் முடிச்சு இறுகும். தொங்கும் நுனிகளை மீன்முள்போல் சாய்வாகக் கத்தரித்தால் காற்றில் அழகுற அசையும். பணி முடியுங்காறும் குருத்தை ஈரத்துணியில் சுற்றி வைத்தல் வேண்டும்.

குருத்து வெட்டுவதிலும் ஓர் அறம் உண்டு. தென்னைக்கு வளரும் முனை ஒன்றே; அது கெடின் மரமே மடியும். ஆதலின், மரத்துக்குரியார் இசைவோடு, ஏறும் தொழில் அறிந்தவரைக்கொண்டே குருத்தெடுத்தல் வேண்டும். ஓர் உயிரை வரவேற்க மற்றோர் உயிரை மாய்த்தல் முறையன்று.

கைத்திறம் மிக்கோர் குருத்தோலையைக் குருவி வடிவாகவும் மடிப்பர். அதன்கண் நம் முன்னோர் ஒரு வரையறை வைத்தனர். மங்கலத் தோரணத்தில் நான்கு குருவிகள் மேல்நோக்கி இருக்கும். இழவு வீட்டுத் தோரணத்தில் மூன்று குருவிகள் கீழ்நோக்கி இருக்கும். ஓலை ஒன்றே, கயிறும் ஒன்றே. மடிக்கும் வகையால் பொருள் தலைகீழாய் மாறிவிடுகின்றது. ஆதலின் இம்மடிப்பை ஊர் முதியோரிடம் நேரிற் கண்டு கற்றல் வேண்டும்.

மற்றொன்றும் நினைவிற் கொள்க. தோரணம் வாயிலுக்கு உரியது; தொட்டிலுக்கு உரியதன்று. கயிறும் நாரும் இலையும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் எட்டும் இடத்தில் இருத்தலாகாது. பூவும் பொடியும் அதன் மூச்சுக்கு ஊறு செய்யலாம். மகவைக் காண வருவோர் கைகழுவிய பின்னரே அதனைத் தொடுதல் வேண்டும். புனைவு அன்பின் அடையாளம். பாதுகாப்போ அன்பின் கடமை.

மகவு பிறந்த வாயிலில் மாலை கட்டுவது நமக்கே உரிய வழக்கமன்று. பண்டைக் கிரேக்க நாட்டின் ஏதென்சு நகரத்தாரும் இதனைச் செய்தனர். ஆண் மகவு பிறந்தால் ஒலிவ இலை வளையத்தையும், பெண் மகவு பிறந்தால் கம்பளி மயிரையும் வாயிலில் தொங்கவிட்டனர். பிறந்த நாளிலேயே ஒன்றற்கு ஒரு சின்னமும் மற்றொன்றற்கு வேறு சின்னமும் குறிக்கப்பட்டன.

நம் நாட்டிலோ இதனினும் கொடிய வேறுபாடு சில இடங்களில் நிகழ்ந்தது. ஆண் பிறந்த வாயில் பொலிவுற்றது. பெண் பிறந்த வாயில் வெறுமையாய்க் கிடந்தது. பெண்ணென்று கைவிடப்படும் குழந்தைகளைக் காக்கும்பொருட்டு, 1992ஆம் ஆண்டில் தமிழக அரசு சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்தது. அரசு தொட்டில் வைக்க வேண்டிய நிலை வந்தது, மனைகள் தோரணம் கட்ட மறந்தமையால் அன்றோ?

இவ்வேறுபாட்டுக்குத் தமிழ் மரபு முழுதும் துணைநின்றது எனல் பொருந்தாது. திருக்குறளின் ஏழாம் அதிகாரம் பரிமேலழகர் உரையில் 'புதல்வரைப் பெறுதல்' எனப் பெயர் பெறும். இக்காலப் பதிப்புகள் பலவும் அதனை 'மக்கட்பேறு' என்று வழங்குகின்றன. மக்கள் என்னும் சொல் இருபாலாரையும் தழுவி நிற்பது. பிள்ளைத்தமிழையும் நோக்குக. அதன் பத்துப் பருவங்களுள் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் முதல் ஏழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. இறுதி மூன்றில்தான் வேறுபாடு தோன்றுகின்றது. தாலாட்டும் தாலப்பருவத்தில் ஆண் பெண் என்னும் பிரிவு இல்லை. தொட்டிலில் இல்லாத வேறுபாடு வாயிலில் ஏன்?

இராசசுத்தான் மாநிலத்துப் பிப்லாந்திரி என்னும் சிற்றூரார் 2006ஆம் ஆண்டளவில் ஒரு நல்வழக்கம் மேற்கொண்டனர். அவ்வூரில் பெண் மகவு பிறக்குந்தோறும் 111 மரக்கன்றுகள் நடப்பெறும். நாம் கட்டும் மாலை சில நாளில் உலரும். அவர்கள் நட்டதோ மகவோடு உடன் வளரும். பெண் மகவின் பெயரால் ஓர் ஊரே பசுமை பெறுதல் எத்துணைச் சிறப்பு!

ஆதலின் மாணவர்களே, நும் மனையிலோ அயல் மனையிலோ புதிய மகவு வரும்போது, பிறந்தது ஆணா பெண்ணா என்று வினவும் முன்னரே மாவிலை பறிக்கச் செல்லுங்கள். அதே பதினோரிலையை, அதே இடைவெளியில், அதே அன்போடு தொடுங்கள். எவ்வகை மகவுக்கும் ஒத்த தோரணம் கட்டும் வாயிலே நல்ல மனையின் முகம்.