ரவாங்கில் ஒரு மாலைத் தேநீர்: விருந்து வைக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதமும் கூடவே வைத்திருந்த பட்டியலும் கிடைத்தன. காசு வாங்கிக்கொண்டு நீ செய்து தரும் முதல் விருந்து. ரவாங்கில் ஒரு தாமான் வீட்டில், அம்மா ஒருவரின் அறுபதாவது பிறந்தநாளுக்கு, இருபது பேருக்கு மாலைத் தேநீர். பதினான்கு பலகாரம், ஒரு கேக், மூன்று காக்டெயில். "அக்கா, இதில் என்ன குறைகிறது?" என்று கேட்டிருக்கிறாய். எதுவும் குறையவில்லை, தங்கச்சி. மிகுதியாக இருக்கிறது. ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடு.

கோலாலம்பூர் ஓட்டல்களின் ஹை டீயை மனத்தில் வைத்துத்தான் நீ இந்தப் பட்டியலைப் போட்டிருக்க வேண்டும். அங்கே மேசை நீளமாக இருக்கும், பின்கட்டில் பத்துப் பேர் வேலை செய்வார்கள், எல்லாம் காலையிலேயே தயாராகி விளக்குச் சூட்டில் காத்திருக்கும். அவர்களோடு எண்ணிக்கையில் போட்டி போட உன்னால் முடியாது. அவர்களால் முடியாத ஒன்று உன்னிடம் இருக்கிறது: எண்ணெயிலிருந்து எடுத்த வடை இரண்டு நிமிடத்தில் விருந்தாளியின் கையில் இருக்கும். வீட்டு விருந்தின் பலமே அதுதான். பதினான்கு பலகாரம் செய்தால் அந்தப் பலத்தை நீயே விட்டுக்கொடுக்கிறாய். எல்லாமே ஆறிப்போய்த்தான் மேசைக்கு வரும்.

நான் வைத்துக்கொள்ளச் சொல்வது இவை: மசால் வடை, கறிபாப், ஒண்டே ஒண்டே, அச்சு முறுக்கு, முட்டையில்லாத ஒரு கேக். அச்சு முறுக்கை மூன்று நாள் முன்னதாகவே சுட்டு டின்னில் அடைத்துவிடலாம். கறிபாப்பை முந்தின இரவே மடித்து ஃப்ரீசரில் வைத்துவிடு. விருந்தாளிகள் வருவதற்குச் சற்று முன், உருக விடாமல் அப்படியே மிதமான எண்ணெயில் போடு. ஒண்டே ஒண்டேயை அன்று மதியம்தான் உருட்ட வேண்டும். குளிர்பெட்டிக்குள் போனால் புலுட் அரிசி மாவு கெட்டிப்பட்டு ரப்பராகிவிடும். உள்ளே வைக்கும் கூலா மெலாக்கா வெல்லத்தைப் பொடியாகச் சீவு, கட்டியாக வைத்தால் கரையாது. வெந்து மேலே மிதந்த பிறகும் ஒரு நிமிடம் தண்ணீரில் விட்டு எடு. தேங்காய்த் துருவலில் ஒரு சிட்டிகை உப்பும் ஒரு பாண்டான் இலையும் சேர்த்து ஆவியில் காட்டினால் மாலை வரை புளிக்காது.

விருந்து நேரத்தில் அடுப்பில் இருக்க வேண்டிய பலகாரம் வடை மட்டும். கடலைப்பருப்பை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறவிடாதே. தண்ணீரை நன்றாக வடித்து, ஒரு கைப்பிடிப் பருப்பை முழுதாக எடுத்து வைத்துவிட்டு, மீதியைச் சோம்பும் காய்ந்த மிளகாயும் சேர்த்து, சொட்டுத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரை. வெங்காயத்தை முன்கூட்டியே கலந்துவிடுவதுதான் பலர் செய்கிற தவறு. வெங்காயம் நீர் விடும், மாவு தளரும், வடை எண்ணெய் குடிக்கும். ஒவ்வொரு ஈடுக்கும் வேண்டிய வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் தட்டுவதற்குச் சற்று முன்தான் கலக்க வேண்டும். நாலரை மணிக்கு முதல் ஈடு, அரை மணி கழித்து இரண்டாவது, பிறகு ஒன்று. அந்தப் பக்கம் பிற்பகல் மழை உனக்குத் தெரியும். இடியோடு மழை இறங்கும் நேரத்தில் சூடான வடை வந்தால் யாரும் கேக்கைத் தேட மாட்டார்கள்.

இனி தேநீர். பட்டியலில் நீ அதை ஒரே வரியில் முடித்திருப்பது எனக்கு வருத்தம். தேநீர் விருந்துக்குத் தேநீரே கடைசி வரியா? கேமரன் மலையில் 1929-ல் போ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஜே. ஏ. ரஸல்தான் உங்கள் ரவாங்கை அடுத்த பத்து ஆராங்கின் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பின்னால் இருந்தவரும். மலாயன் கோலியரிஸ் என்ற அவருடைய கம்பெனி வெட்டிய கரியில்தான் ரயிலும் மின்நிலையங்களும் ஓடின; 1960-ல் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்கத்துக் கூலிகளில் நம்மவர்களும் இருந்தார்கள். மேலே மலையில் கொழுந்து கிள்ளியவர்களும் நம்மவர்கள்தான். ஆகவே போ தேயிலையை அந்த மேசையில் வைக்கும்போது, யாருடைய வீட்டுப் பொருளையோ இரவல் வாங்கி வைப்பதாக நினைக்காதே. நம் பாட்டிகளின் கை பட்ட பொருள் அது.

இரண்டு விதமாகத் தேநீர் போட்டு வை. ஒன்று, இஞ்சி தட்டிப் போட்ட பால் தேநீர். வந்தவர்கள் உட்கார்ந்த பிறகு போடு. முன்னதாகவே போட்டு பிளாஸ்கில் அடைக்காதே. மற்றது, பானங்களுக்கான கட்டித் தேநீர். அரை லிட்டர் கொதிநீருக்கு மூன்று மேசைக்கரண்டி தூள், ஏழு நிமிடம் மூடி வைத்து வடிகட்டு. வடிகட்டியதும் ஐஸில் ஊற்றிவிடாதே; திடீரென்று குளிர்ந்தால் தேநீர் கலங்கிவிடும். அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுமையாக இரு.

இந்தக் கட்டித் தேநீரிலிருந்துதான் நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைப்பது தொடங்குகிறது. உன்னுடைய மூன்று காக்டெயிலும் வெளிநாட்டுப் பெயர்கள். கோலாலம்பூரிலேயே பிறந்து உலகம் சுற்றிய ஒரு பானம் இருக்கும்போது அவை எதற்கு? 1973-ல் கோலாலம்பூர் ஹில்டன் ஓட்டலின் ஏவியரி பாரில் ஜெஃப்ரி ஓங் என்பவர் கலந்த பானம், ஜங்கிள் பேர்ட். ஓட்டலுக்கு வருகிறவர்களை வரவேற்கக் கொடுத்தார்கள். கருத்த ரம், காம்பாரி என்ற கசப்பு மது, அன்னாசிச் சாறு, எலுமிச்சை, சர்க்கரை, அவ்வளவுதான். 1989-ல் ஜான் பாய்ஸ்டர் என்ற அமெரிக்கர் தம்முடைய காக்டெயில் கையேட்டில் அதைச் சேர்த்த பிறகு மெல்லப் பரவியது. இன்று நியூயார்க்கிலும் லண்டனிலும் பார்களில் அது கிடைக்கிறது. அன்னாசியின் இனிப்புக்குக் கசப்பை எதிரே நிறுத்தியதில்தான் அந்த மனிதரின் திறமை.

அந்தக் கசப்பை மது இல்லாமலும் கொண்டுவரலாம். தேநீரின் துவர்ப்பு அந்த வேலையைச் செய்யும். ஒரு கிளாசுக்கு 120 மில்லி புது அன்னாசிச் சாறு, 45 மில்லி கட்டித் தேநீர், 15 மில்லி லீமாவ் கஸ்தூரிச் சாறு, 15 மில்லி கூலா மெலாக்காப் பாகு, நகக்கண் அளவு உப்பு. மூடியுள்ள பாத்திரத்தில் ஐஸ் போட்டுக் கை வலிக்கும்வரை குலுக்கு. அன்னாசி நுரைத்து மேலே எழும்பும். அந்த நுரையோடு ஊற்று. பக்கத்தில் பால் சேர்த்த பண்டுங் வைக்கிறாய் என்றால் அன்னாசியை அதன் அருகே கொண்டுபோகாதே, புது அன்னாசி பட்டால் பால் கசந்து திரிந்துவிடும்.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். மது இல்லாத பானத்தை முதலில் செய். அதைத் தனியாகக் குடித்துப் பார். முழுமையாக இருக்கிறதா, இன்னொரு கிளாஸ் கேட்கத் தோன்றுகிறதா என்று பார்த்துக்கொள். தோன்றினால்தான் அது விருந்துக்குத் தகுதி. குடிக்கிறவர் அதே கிளாசில் 30 மில்லி ரம் சேர்த்துக்கொள்ளட்டும். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காக்டெயிலுக்கு நல்ல கண்ணாடிக் கிளாஸ், ஐஸ், பழத்துண்டு, அலங்காரம். குடிக்காதவர்களுக்கு மூலையில் பிளாஸ்டிக் கப், சிரப் தண்ணீர், பெட்டிப் பானம். குடிக்காமல் இருப்பதற்கு ஒரு தண்டனை போல அது இருக்கும். அந்த அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் குடிக்காதவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களை இரண்டாம் வரிசையில் உட்கார வைத்துவிட்டு நீ நல்ல விருந்து வைத்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

இதில் நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் உண்டு. அந்தக் கூடத்தில் உட்காரப்போகிற பெரியவர்கள் பலர் தோட்டத்தில் பிறந்தவர்கள். சம்பள நாளன்று கள்ளுக்கடை வாசலில் அப்பாவைத் தேடிப் போய் நின்ற பிள்ளைகள் அவர்களில் இருப்பார்கள். கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி இறங்கியதும், 1947-ல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் அது காவல்துறையோடு மோதலாக முடிந்ததும் நம் வரலாறு. பிறகு சம்சு சாராயம் வந்து எத்தனை குடும்பங்களைக் கெடுத்தது என்று உன் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். உன் தலைமுறைக்குக் காக்டெயில் ஒரு அழகான கிளாஸ். அவர்களுக்கு மது என்றால் வேறு நினைவு. இரண்டு பேரும் ஒரே கூடத்தில் சங்கடமில்லாமல் உட்கார வேண்டும். தென்னம்பாளையிலிருந்து இறங்கும் சாறு புளித்தால் கள், புளிக்கவிடாமல் காய்ச்சினால் கூலா மெலாக்கா. நம் ஆட்களைக் கெடுத்த அதே மரத்தின் இனிப்பைத்தான் உன் கிளாசில் ஊற்றுகிறாய். அந்த அம்மா கேட்டால் இதைச் சொல். கேட்காவிட்டால் சொற்பொழிவு வேண்டாம்.

மதுவை நீ விற்காதே. அதற்கு உரிமம் வேண்டும், உன்னிடம் இல்லை. ரம் வேண்டுமென்றால் வீட்டுக்காரரே வாங்கி வைக்கட்டும். அளவுக் கிண்ணத்தை மட்டும் நீ எடுத்துப் போ, போத்தலிலிருந்து நேரே ஊற்ற விடாதே. 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது 2017 டிசம்பரிலிருந்து சட்டம். வீட்டு விருந்திலும் அந்த வயதை நீ மதிக்க வேண்டும். 2020-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் உறவுக்காரர்கள் வருகிறார்கள் என்றால் முன்னதாகவே சொல்லிவிடு. ரவாங்கில் கொம்யூட்டர் ரயில் நிற்கிறது. குடிக்கிறவர் அதில் வரட்டும்.

முஸ்லிம் தோழிகள் வருவார்கள் என்று எழுதியிருக்கிறாய். அவர்களுக்கென்று பானத்தில் மது ஊற்றாமல் விட்டால் மட்டும் போதாது. மது பட்ட கிளாஸ், குலுக்கிய பாத்திரம், கரண்டி எல்லாம் வேறாக இருக்க வேண்டும். மதுவை இன்னொரு அறையில் வைப்பது இன்னும் நல்லது. கேக்கில் ஊற்றும் வெனிலா எசன்ஸில் மது கலந்திருக்கிறதா என்று போத்தலின் லேபிளைப் படி. எதை எப்படிச் செய்தாய் என்று வந்தவுடனே அவர்களிடம் நேராகச் சொல்லிவிடு, மறைக்காதே. சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவர்கள் முடிவு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே மரியாதை. கறிபாப்புக்கு உருளைக்கிழங்கு மட்டும் போதும், இறைச்சி வேண்டாம். விருந்து நாள் புரட்டாசிச் சனியில் விழுகிறதா என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொள். ரவாங்குக்கு இந்தக் கலப்பு புதிதில்லை. 1894-ல் அங்கே ஈயச் சுரங்கத்துக்கு மின்சார இயந்திரத்தைக் கொண்டுவந்தவர்கள் லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும். சீனரும் தமிழரும் கூட்டாகத் தொழில் செய்த ஊரில், எல்லோருக்கும் பொருந்தும் ஒரு மேசையைப் போட உன்னால் முடியும்.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாமான் விலையோடு உன் உழைப்புக்கும் கூலி போடு. தெரிந்தவர் என்பதால் அதை விட்டுவிடாதே. டைஃபாய்ட் ஊசியும் உணவு கையாளுவோர் பயிற்சியும் இல்லாமல் இந்தத் தொழிலில் இறங்காதே. உணவைக் காசுக்கு விற்கிறவருக்கு இரண்டும் கட்டாயம்.

கடைசியாக ஒன்று. ஜங்கிள் பேர்ட் ஊர் ஊராகப் பரவிய பிறகும், அதைக் கலந்தவர் யார் என்று உலகத்துக்குத் தெரிய நெடுங்காலம் ஆயிற்று. நம் பெண்கள் செய்த பலகாரங்களுக்கும் அதே கதிதான்; யார் செய்தது, என்ன அளவு என்று எவரும் எழுதி வைக்கவில்லை. விருந்து முடிந்த இரவே ஒரு நோட்டில் எழுது. தேதி, ஊர், வந்தவர்கள் எத்தனை பேர், ஒவ்வொன்றின் அளவு, எது மிஞ்சியது, எதை மறுபடி கேட்டார்கள், எல்லாவற்றையும் எழுது. கீழே உன் பெயரையும் போடு. அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அக்கா