பழைய கம்ப்யூட்டரும் சிடி டிரைவரும்: நம்புவதும் நடப்பதும்

பரணிலிருந்து பழைய கம்ப்யூட்டரை இறக்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு சிடிதான் காரணமாக இருக்கும். கல்யாணப் படங்கள் உள்ள சிடி என்றால் கவலை இல்லை. புதிய கம்ப்யூட்டரில் யுஎஸ்பி சிடி டிரைவைச் செருகிப் படங்களை எடுத்துவிடலாம். ஆனால் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களோடு பேஜ்மேக்கரில் வேலை பார்த்த டிடிபி கடைக்காரருக்கு அது போதாது. அவருடைய மென்பொருள் விண்டோஸ் 98-இல்தான் ஓடும். அதை நிறுவும் சிடியும் அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓடியாக வேண்டும்.

ட்ரே வெளியே வருகிறது, சிடியை வாங்கிக்கொள்கிறது, பிறகு ஒன்றும் நடப்பதில்லை. உடனே எல்லோரும் சொல்வது, "புது டிரைவர் போடுங்கள்." டிரைவ் வேறு, டிரைவர் வேறு என்பதை முதலில் பிரித்துக்கொள்வோம். டிரைவ் பொருள், டிரைவர் மென்பொருள். ஆபரேட்டிங் சிஸ்டம் கேட்பதை டிரைவுக்குப் புரியும்படி சொல்வதும், டிரைவ் தருவதைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பதும் டிரைவரின் வேலை. அந்த எல்லைக்கு வெளியே உள்ள கோளாறுகளுக்கும் அதன்மேல் பழி போடுவதால் பல மாலைப்பொழுதுகள் வீணாகின்றன, நல்ல டிரைவுகள் பழைய இரும்புக்குப் போகின்றன.

நம்பிக்கை 1: டிரைவே காணோம் என்றால் டிரைவர் போட்டால் வந்துவிடும்.

உண்மை: கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பயாஸ் காட்டும் பட்டியலில் ஹார்ட் டிஸ்க்கோடு சிடி டிரைவின் பெயரும் வருகிறதா என்று பாருங்கள். பென்டியம் காலத்துக்குப் பிந்தைய பெரும்பாலான மதர்போர்டுகளில் அது தெரியும். அங்கேயே இல்லாத டிரைவை எந்த டிரைவராலும் வரவழைக்க முடியாது. அப்போது பார்க்க வேண்டியவை மூன்று: மின்சாரம் தரும் நான்கு முனை இணைப்பு, 40 முனை ஐடிஇ கேபிள், டிரைவின் பின்புறமுள்ள ஜம்பர். ஒரே கேபிளில் ஹார்ட் டிஸ்க்கும் சிடி டிரைவும் தொங்கினால் ஒன்று மாஸ்டர், மற்றொன்று ஸ்லேவ் என்றிருக்க வேண்டும். இரண்டுமே மாஸ்டர் என்று இருந்தால் ஒன்றோ இரண்டுமோ காணாமல் போகும்.

486 காலத்துக் கம்ப்யூட்டர்கள் இதற்கு விலக்கு. அவற்றின் பயாஸ் பல நேரங்களில் ஹார்ட் டிஸ்க்கை மட்டுமே அறியும். சிடி டிரைவ் நல்ல நிலையில் இருந்தாலும் பட்டியலில் வராது.

நம்பிக்கை 2: எந்தக் கம்பெனி டிரைவோ, அந்தக் கம்பெனி டிரைவரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

உண்மை: ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் சோனி, மிட்சுமி, பானசோனிக் ஆகியவை ஆளுக்கொரு இணைப்பு முறை வைத்திருந்தன. பல டிரைவுகள் மதர்போர்டில் இணைக்கப்படாமல் சவுண்டு கார்டில் இணைக்கப்பட்டன. சவுண்ட் பிளாஸ்டர் கார்டுடன் வந்த பானசோனிக் டிரைவுக்கு அதற்கே உரிய டிரைவர் இல்லாமல் வேலை ஆகாது. உங்களுடையது அந்த வகை என்றால் தேடித்தான் ஆக வேண்டும்.

அதன்பின் ஏடிஏபிஐ என்னும் பொது முறை வந்தது. ஹார்ட் டிஸ்க் போகும் ஐடிஇ வழியிலேயே சிடி டிரைவும் சேர்ந்தது. எல்லாக் கம்பெனி டிரைவுகளும் ஒரே மொழியில் பேசத் தொடங்கின. விண்டோஸ் 98-இன் ஸ்டார்ட்அப் ஃப்ளாப்பியில் உள்ள ஓக்சிடிராம்.சிஸ் என்ற ஒரே ஃபைல் பெரும்பாலான ஏடிஏபிஐ டிரைவுகளை ஓட்டிவிடுவது இதனால்தான். விண்டோஸ் எக்ஸ்பியில் அந்தத் தேடலும் வேண்டாம். மைக்ரோசாஃப்டின் சிடிராம்.சிஸ் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. டிரைவ் கம்பெனியின் பெயரைப் போட்டு இணையத்தில் "டிரைவர் டவுன்லோட்" என்று தேடுவோர் கடைசியில் வேண்டாத மென்பொருளைத்தான் வீட்டுக்குள் அழைத்துவருகிறார்கள்.

நம்பிக்கை 3: டிரைவர் ஃபைலை ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்தாலே போதும்.

உண்மை: டாஸில் சிடி ஓட இரண்டு அடுக்குகள் வேண்டும். இந்தத் தலைப்பில் மிக அதிகமானோர் தடுக்கி விழும் இடம் இது.

முதல் அடுக்கு, டிரைவோடு நேரடியாகப் பேசும் டிரைவர். அது கான்ஃபிக்.சிஸ் ஃபைலில் 'டிவைஸ்' என்று தொடங்கும் வரியில் ஏற்றப்படும். அந்த வரியின் கடைசியில் டிரைவுக்கு ஒரு பெயர் வைக்கிறோம், வழக்கமாக எம்எஸ்சிடி001. இரண்டாவது அடுக்கு, எம்எஸ்சிடெக்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் மென்பொருள். அது ஆட்டோஎக்ஸெக்.பேட் ஃபைலிலிருந்து இயங்கும். சிடியில் ஃபைல்கள் அடுக்கப்பட்டுள்ள முறையைப் படித்து, டி: போன்ற ஓர் எழுத்தை டிரைவுக்குத் தருவது அதுதான். முதல் வரியில் வைத்த அதே பெயர் இரண்டாவது வரியிலும் ஓர் எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். ஒன்றில் எம்எஸ்சிடி001, மற்றொன்றில் எம்எஸ்சிடி000 என்றிருந்தால் இரண்டு அடுக்கும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது.

திரையில் வரும் செய்தியைப் படித்தாலே எந்த அடுக்கில் சிக்கல் என்று தெரிந்துவிடும். 'டிவைஸ் டிரைவர் நாட் ஃபவுண்ட்' என்று அந்தப் பெயரோடு வந்தால், எம்எஸ்சிடெக்ஸ் தேடி வந்திருக்கிறது. முதல் அடுக்கு ஏறவில்லை, அல்லது பெயர் பொருந்தவில்லை. 'சிடிஆர்101' என்று வந்தால் இரண்டு அடுக்கும் ஏறிவிட்டன; டிரைவால்தான் சிடியைப் படிக்க முடியவில்லை. 'சிடிஆர்103' வந்தால், உள்ளே இருக்கும் சிடியின் அமைப்பு எம்எஸ்சிடெக்ஸுக்குத் தெரிந்த வகை இல்லை. பாட்டு சிடியைப் போட்டுவிட்டு ஃபைல் பட்டியல் கேட்டாலும் இது வரும். அந்தச் செய்தியில் 'ஹை சியரா' என்றொரு பெயரும் வரும். சிடியில் ஃபைல்களை எப்படி அடுக்குவது என்று கம்பெனிகள் 1985-இல் கூடிப் பேசிய ஓட்டலின் பெயர் அது. அந்த வரைவே திருத்தப்பட்டு 1988-இல் ஐஎஸ்ஓ 9660 என்ற உலகத் தரமானது.

நம்பிக்கை 4: விண்டோஸ் 95, 98-இலும் டாஸ் வரிகளை விட்டுவைத்தால் கூடுதல் பாதுகாப்பு.

உண்மை: விண்டோஸ் 95 முதல் சிடிக்கென்று சொந்த டிரைவரும், சிடிஎஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டமும் உள்ளேயே வருகின்றன. விண்டோஸ் ஓடும்போது ஓக்சிடிராமும் எம்எஸ்சிடெக்ஸும் தேவையே இல்லை. விண்டோஸுக்கு அறிமுகமான டாஸ் டிரைவராக இருந்தால், அதை ஒதுக்கிவிட்டுத் தானே பொறுப்பை எடுத்துக்கொள்ளும். அறிமுகமில்லாததாக இருந்தால், பயந்துகொண்டு அந்தப் பழைய டிரைவர் வழியாகவே வேலை செய்யும். இதற்கு 'எம்எஸ்-டாஸ் கம்பாட்டிபிலிட்டி மோட்' என்று பெயர். கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம், பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் அது எழுதியே காட்டப்படும். கம்ப்யூட்டர் மொத்தமும் தளர்ந்துபோகும்.

அந்த வரிகள் 640 கேபி கன்வென்ஷனல் மெமரியிலும் ஒரு பங்கைத் தின்கின்றன. பழைய டாஸ் விளையாட்டுகளுக்கு அந்த இழப்பு பெரியது. இரண்டு வரிகளின் முன்னாலும் 'ரெம்' என்று தட்டிவிட்டு ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சிடி முன்போலவே ஓடினால் அவை தேவைப்படவில்லை என்று பொருள். தேவைப்பட்டால் 'ரெம்' நீக்குவது நொடி வேலை.

நம்பிக்கை 5: புது டிரைவர் சிடியை வேகமாக்கும்.

உண்மை: சிடி டிரைவின் வேகம் அதன் மோட்டாரிலும் லேசரிலும் இருக்கிறது. 1எக்ஸ் என்பது நொடிக்கு 150 கேபி. 52எக்ஸ் டிரைவ் கணக்குப்படி 7,800 கேபி தர வேண்டும். ஆனால் அந்த வேகம் வட்டின் வெளி விளிம்பில் மட்டுமே கிடைக்கும். உள்பக்கத்தில் அதில் பாதிகூட வராது. சிடியில் தகவல் உள்பக்கத்திலிருந்துதான் எழுதப்படுகிறது. பாதி நிரம்பிய சிடியில் 52எக்ஸ் வேகத்தை நீங்கள் பார்க்கவே முடியாது.

டிரைவ் தருகிற வேகம் மெமரிக்கு வந்துசேரும் பாதை அடைபட்டிருந்தால், அதைத் திறந்துவிடலாம். டிஎம்ஏ முறையில் தகவல் நேராக மெமரிக்குப் போகும். பிஐஓ முறையில் புராசஸரே அதைச் சுமந்து செல்லும். விண்டோஸ் 98-இல் டிவைஸ் மேனேஜரில் சிடி டிரைவின் செட்டிங்ஸ் பக்கத்தில் டிஎம்ஏ கட்டம் உண்டு. எக்ஸ்பியில் ஒரே சானலில் ஆறு முறை பிழை நேர்ந்துவிட்டால், விண்டோஸ் டிஎம்ஏவைக் கைவிட்டுப் பிஐஓவுக்கு இறங்கிவிடும். தானாக மேலே ஏறாது. டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சானலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் டிஎம்ஏ திரும்பும். ஆனால் முதலில் கேபிளை மாற்றுங்கள். பிழைக்குக் காரணம் கேபிள் என்றால், சில நாளில் மறுபடி பிஐஓவுக்கே வந்து நிற்பீர்கள்.

நம்பிக்கை 6: எக்ஸ்பியில் டிரைவ் மறைந்துவிட்டால் டிரைவரைத் திரும்பத் திரும்ப நிறுவ வேண்டும்.

உண்மை: நேற்றுவரை ஓடிய டிரைவ், சிடி எழுதும் மென்பொருள் ஒன்றை நீக்கியதும் காணாமல் போகும். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறியும் கோட் 39 அல்லது 41 என்ற எண்ணும் தெரியும். சிடிராம்.சிஸ் நலமாகவே இருக்கும். நீக்கப்பட்ட மென்பொருள், டிரைவருக்கு மேலும் கீழும் தன் வடிகட்டிகளைச் செருகியிருந்தது. மென்பொருள் போய்விட்டது, 'அந்த வடிகட்டி வழியாகப் போ' என்ற குறிப்பு மட்டும் ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிட்டது. சிடி டிரைவுகளுக்கான கிளாஸ் பகுதியில் உள்ள 'அப்பர்ஃபில்டர்ஸ்', 'லோயர்ஃபில்டர்ஸ்' என்ற இரண்டு பதிவுகளை நீக்கி ரீஸ்டார்ட் செய்தால் டிரைவ் திரும்பிவரும். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்குமுன் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து வைப்பது கட்டாயம். வேறு சிடி எழுதும் மென்பொருள் இருந்தால் அதை மறுபடி நிறுவ வேண்டியிருக்கும்.

நம்பிக்கை 7: புதிய டிரைவர் போட்டால் டிவிடியும் ஆர்டபிள்யூவும் படிக்கும்.

உண்மை: சிடியைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர்; டிவிடிக்கு வேண்டியது 650. டிவிடியின் நுண்ணிய குழிகளை சிடி-ராம் டிரைவின் லேசரால் பிரித்துப் பார்க்க முடியாது. மென்பொருள் அந்தக் கண்ணை மாற்றாது. சிடி-ஆர்டபிள்யூ வட்டு சாதாரண சிடியைவிட மிகக் குறைவாகவே ஒளியைத் திருப்பி அனுப்பும். 1990-களின் நடுப்பகுதி வரை வந்த பல டிரைவுகளுக்கு அது போதாது. முக்கியமான தகவலைப் பழைய டிரைவுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் சிடி-ஆர் வட்டில், குறைந்த வேகத்தில் எழுதுங்கள்.

நம்பிக்கை 8: பாட்டு கேட்கவில்லை, சிடி சிக்குகிறது. டிரைவர் கெட்டுவிட்டது.

உண்மை: ஃபைல்கள் திறக்கின்றன, பாட்டு சிடி மட்டும் ஊமையாக இருக்கிறது என்றால் டிரைவின் பின்னால் பாருங்கள். பழைய கம்ப்யூட்டர்களில் பாட்டு ஐடிஇ கேபிளில் வராது. சவுண்டு கார்டுக்குப் போகும் மெல்லிய நான்கு முனை ஆடியோ கேபிள் தனியாக உண்டு. யாரோ கழற்றிவிட்டு மாட்ட மறந்திருப்பார்கள்.

ஒரு சிடி ஓடி இன்னொன்று ஓடவில்லை என்றால் டிரைவரைச் சந்தேகிக்கவே வேண்டாம். தூசி படிந்த லென்ஸ், தளர்ந்த லேசர், கீறல் விழுந்த வட்டு ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். வட்டைத் துடைக்கும்போது மையத்திலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே ஓடி, நீளமான பகுதியை அழித்துவிடும். பெயர் எழுதும் பக்கத்தையும் காப்பாற்றுங்கள். தகவல் இருக்கும் அடுக்கு அந்தப் பக்கத்துக்குச் சற்று அடியில்தான் இருக்கிறது. பளபளப்பான பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் மேலான பிளாஸ்டிக் காவல் உண்டு. பெயர்ப் பக்கத்துக்கு மெல்லிய பூச்சு மட்டுமே.

இவ்வளவுக்குப் பிறகும் டிரைவர்தான் வேண்டுமென்றால்

தலையணையை மாற்றினால் தலைவலி தீராது. ஆனால் டிரைவரே இல்லாத கம்ப்யூட்டரும் உண்டு; ஹார்ட் டிஸ்க்கைப் புதிதாக ஃபார்மேட் செய்திருந்தால் அந்த நிலைதான். டிரைவர் சிடியில் இருக்கும், சிடியைப் படிக்கவோ டிரைவர் வேண்டும். சிடியிலிருந்தே பூட் ஆகும் வசதிக்கான வரையறை 1995-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கம்ப்யூட்டர்களுக்கு ஃப்ளாப்பிதான் வாசல். விண்டோஸ் 98 ஸ்டார்ட்அப் ஃப்ளாப்பியில் பூட் செய்து, சிடி வசதியுடன் தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஃப்ளாப்பி மெமரியில் ஒரு தற்காலிக டிரைவை உண்டாக்கிக்கொள்ளும். அதனால் வழக்கமாக டி: ஆக இருந்த சிடி, இப்போது இ: ஆகியிருக்கும். டிரைவைக் காணோம் என்று கைவிடுமுன் அடுத்த எழுத்தையும் பாருங்கள்.

கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் இரண்டையும் வேறு பெயரில் காப்பி செய்த பிறகே திருத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். கம்ப்யூட்டர் பாதியில் நின்றால், டாஸ் 6 முதல் எஃப்5 அழுத்தி அந்த இரண்டு ஃபைல்களையும் தாண்டிப் போகலாம். எஃப்8 அழுத்தி ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டு ஏற்றலாம். எந்த வரியில் சிக்குகிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

சிடி சுழன்று, ஃபைல்களின் பெயர்கள் திரையில் வரிசையாக இறங்கத் தொடங்கியதும் எதையும் திறந்து பார்க்க உட்கார்ந்துவிடாதீர்கள். முழு சிடியையும் முதலில் ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். அந்த லேசருக்கும் அந்த வட்டுக்கும் வயதாகிவிட்டது. இன்று படிக்கிற டிரைவ் அடுத்த மாதமும் படிக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.