வலைப் பிரயோகங்களில் பன்மொழி வசதி

1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சிங்களத்துடன் தமிழையும் அரசகரும மொழியாகவும், ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகவும் ஆக்கியது. எனவே பொதுமக்களுக்கான அரச வலைப் பிரயோகம் மும்மொழிகளிலும் இயங்குதல் அவசியம். இதற்குரிய நான்கு படிகளை அறிந்துகொள்வோம்.

1. வரியுருக் குறிமுறை
யுனிகோட் நியமத்தில் ஒவ்வொரு வரியுருவுக்கும் தனி எண் உண்டு. தசம எண்ணில் தமிழுக்கு 2944–3071, சிங்களத்துக்கு 3456–3583. ஆகவே இரு மொழிகளும் ஒரே பக்கத்தில் குழப்பமின்றித் தோன்றும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் எண்களையே பயன்படுத்தின. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும்.

2. மொழிக் கோப்புகள்
திரையில் தோன்றும் சொற்களைச் செய்நிரலில் எழுதலாகாது. மொழிக்கொரு கோப்பில் சாவி, பெறுமானம் என எழுதுக. வாக்கியத்தைத் துண்டாக்க வேண்டாம். சொல்லொழுங்கு மொழிக்கு மொழி வேறுபடும். முழு வாக்கியத்தையும் எழுதி, எண் வரும் இடத்தை மட்டும் வெற்றிடமாக விடுக.

3. தரவுத்தளப் புலங்கள்
யூடிஎஃப்-8 குறிமுறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட்டும், தமிழ் வரியுருவுக்கு 3 பைட்டும் தேவை.

உதாரணம்: "கினிகத்தேனை"
எழுத்துகள்: கி, னி, க, த், தே, னை = 6
வரியுருக்கள்: மெய்வடிவம் 6 + உயிர்க்குறி, புள்ளி 5 = 11
தேவையான இடம்: 11 × 3 = 33 பைட்டு

புலத்தின் நீளம் 20 பைட்டு எனின் முதல் 6 வரியுருக்களே அடங்கும். எஞ்சுவது "கினிகத" மட்டுமே. ஊரின் பெயருக்கு நேர்வது ஆளின் பெயருக்கும் நேரும். பிறப்புப் பதிவிலும் அடையாள அட்டையிலும் பெயர் வேறுபட்டால், அலுவலகம் அலுவலகமாக அலைபவர் அப்பெயருக்கு உரியவரே.

4. மொழித் தெரிவு
மொழிப் பொத்தானில் அவ்வம்மொழியின் பெயரை அதன் எழுத்திலேயே இடுக. தெரிவை அடுத்த பக்கத்துக்கும் பேணுக. பிழைச் செய்திகளையும் மொழிபெயர்க்க மறவாதீர்கள். விண்ணப்பம் ஏன் ஏற்கப்படவில்லை என்பதைப் பயனர் அறிவது அவற்றின் மூலமே.

மாதிரி வினா
"தோட்டம்" என்னும் சொல்லை யூடிஎஃப்-8இல் சேமிக்க எத்தனை பைட்டு தேவை?

விடை
த, ே ா இணைந்த ஓகாரக்குறி, ட, புள்ளி, ட, ம, புள்ளி = 7 வரியுருக்கள்
7 × 3 = 21 பைட்டு

கவனிக்க: ஓகாரக்குறி இரு பக்கமும் தோன்றினும் யுனிகோட்டில் ஒரே வரியுருவாக எழுதலாம்.