கவிழ்த்து வைத்த கிண்ணங்கள்
(நட்பு பற்றிய ஒரு பாடம்)



மேல்வகுப்பில் திருக்குறளின் நட்பு அதிகாரத்தைக் கற்பித்து முடித்ததும், உலக வரலாற்றிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைத் தருவது எமது வழக்கம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்டது, இரண்டாம் உலகப் போரிற் குண்டுவீச்சு விமானங்களிற் பறந்த எண்பது அமெரிக்கரின் வரலாறு. அதனைக் கேட்ட மாணவி ஒருத்தி, "குண்டு போட்டவர்களின் நட்பை நாங்கள் ஏன் படிக்க வேண்டும், சேர்?" என வினவினாள்.

உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. ஊரில் ஆசிரியராயிருந்த நாளில், விமான இரைச்சல் கேட்டதும் பாடத்தை நிறுத்தி, மாணவரைப் பதுங்குகுழியில் இறக்கியவர் நாம். அவள் வினாவுக்கு விடையாகவே இக்கட்டுரையை வரைகின்றோம்.

பறப்பு

1942 ஏப்ரல் 18ஆம் நாள், ஜேம்ஸ் டூலிட்டில் என்பாரின் தலைமையில் 16 பி-25 விமானங்கள் 'ஹோர்னெற்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து எழுந்து, ரோக்கியோ முதலான யப்பானிய நகரங்களைத் தாக்கின. விமானத்துக்கு ஐவராக 80 பேர். அனைவரும் தாமாக முன்வந்தோர். யப்பானியக் காவற்படகொன்று கப்பலைக் கண்டுவிட்டமையாற் குறித்த இடத்தை அடையுமுன்பே புறப்பட நேர்ந்தது. எரிபொருள் போதாமற் போயிற்று. 15 விமானங்கள் சீன நிலத்திலும் கரையோரக் கடலிலும் வீழ்ந்தன. ஒன்று சோவியத் ஒன்றியத்தில் இறங்கியது. மூவர் அன்றே மாண்டனர். எண்மர் யப்பானியரிடம் சிறைப்பட்டனர். அவர்களுள் மூவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது, ஒருவர் சிறையில் இறந்தார்.

விமானி, துணைவிமானி, வழி காண்போர், குண்டு எறிவோர், இயந்திரமும் துப்பாக்கியும் கவனிப்போர் என ஐவருக்கும் தனித்தனித் தொழில் இருந்தது. ஒருவர் தவறினும் ஐவரும் அழிவர். இவ்வாறு ஒருவர் உயிரை மற்றவர் கையில் ஒப்படைத்ததனாற் பிறந்ததே அவர்தம் நட்பு.

பெயர் கூப்பிடல்

போர் முடிந்தபின், 1945 டிசெம்பரில் டூலிட்டில் தமது பிறந்தநாளையொட்டித் தோழரை மயாமி நகருக்கு அழைத்தார். பின்னர் அவர்கள் ஆண்டுதோறும் கூடலாயினர். 1959இல் அரிசோனா மாநிலத்து ரூசோன் நகரத்தார் அவர்களுக்கு 80 வெள்ளிக் கிண்ணங்களை வழங்கினர். ஒவ்வொன்றிலும் ஒருவரது பெயர் நேராக ஒருமுறையும் தலைகீழாக ஒருமுறையும் பொறிக்கப்பட்டுள்ளது. ஒருவர் மறைந்ததும் அவரது கிண்ணம் கவிழ்த்து வைக்கப்படும். அப்போதும் பெயரை வாசிக்கலாம்.

டூலிட்டில் பிறந்த ஆண்டாகிய 1896ஐச் சேர்ந்த மதுப்புட்டி ஒன்றும் காக்கப்பட்டு வந்தது. எஞ்சும் இறுதி இருவர் அதனைத் திறப்பதென்பது உடன்பாடு. ஆயின் முதுமை கருதி, 2013 நவம்பர் 9ஆம் நாள், ஒகையோ மாநிலத்து டேற்றன் நகர் அருங்காட்சியகத்தில், உயிருடனிருந்த நால்வருள் மூவர் கூடி அதனைத் திறந்தனர். அன்று எண்பது பெயர்களும் கூப்பிடப்பட்டன. மூன்று பெயர்களுக்கு மட்டுமே விடைக்குரல் எழுந்தது. 2017இல், 101 வயதினரான ரிச்சர்ட் கோல், மறைந்த தோழர் ஒருவரின் கிண்ணத்தைத் தம் கையாலேயே கவிழ்த்தார். 2019 ஏப்ரலில் அவரும் காலமானார்.

மறுபக்கம்

இவ்வரலாற்றை இவ்வளவில் நிறுத்தின் அது அரைப் பாடமே. அத்தாக்குதலில் யப்பானில் இறந்தோருள் பாடசாலை மாணவனும் ஒருவன். வீழ்ந்த விமானிகளைச் சீனக் கிராமத்தவர் ஒளித்துக் காத்தனர். அதற்குப் பழிவாங்க யப்பானியப் படை கொன்ற சீனர் தொகை இரண்டரை இலட்சம் வரையென மதிப்பிடப்படுகிறது. அவர்களுக்கு வெள்ளிக் கிண்ணம் இல்லை.

ஆயினும், விமானிகளுக்கு அன்று உதவிய சீனர் ஒருவர் பின்னாளில் இச்சந்திப்புகளுக்கு அழைக்கப்பட்டு, அவர்களுள் ஒருவராகவே மதிக்கப்பட்டார். சிறைப்பட்டு மீண்ட ஜேக்கப் டிஷேசர் 1948இல் மதபோதகராக யப்பானுக்குத் திரும்பினார். தாம் குண்டு வீசிய நகோயா நகரத்து மக்களிடையே வாழ்ந்து பணிபுரிந்தார்.

மாணவியே, எமது விடை இதுவே. குண்டு வீசியதைப் புகழ்வதற்காக நாம் இதனைப் படிக்கவில்லை. எண்பது பேரும் தம்முள் ஒருவர் பெயரையேனும் மறவாது ஆண்டுதோறும் கூப்பிட்டனரே, அதனைக் கற்கவே படிக்கின்றோம். எம்முடன் பதுங்குகுழியில் இருந்த மாணவர் இன்று பல நாடுகளிற் சிதறியுள்ளனர், சிலர் இல்லை. எமது வரவு இடாப்பும் ஊரோடு போயிற்று. இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய இரவில், அவ்வகுப்பின் முப்பத்திரண்டு பெயர்களையும் நினைவிலிருந்து எழுத முயன்றோம். இருபத்தேழு வந்தன. மற்றை ஐந்தையும் அறிந்தவர் எவரென விசாரித்து வருகின்றோம்.

பயிற்சி

1. கிண்ணங்களிற் பெயரை இருமுறை பொறித்தமைக்குக் காரணம் யாது?
2. டிஷேசர் நகோயாவுக்குச் சென்றமை பற்றி உமது கருத்தை ஐந்து வாக்கியங்களில் எழுதுக.
3. உமது தாய் தந்தையரிடம், அவர்களுடன் ஊரிற் படித்தோர் ஐவரின் பெயர்களைக் கேட்டு எழுதி வருக.