மின்னஞ்சல் தொகுதிகளைப் பேணலும் ஒழுங்குபடுத்தலும்: தமிழ்க் குறியேற்றச் சிக்கலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இலக்கிய வரலாற்றுக்குக் கடிதங்கள் முதன்மைச் சான்றுகளாக விளங்கிவந்துள்ளன. 1990களின் பிற்பகுதி முதல் அறிஞர்தம் கடிதப் போக்குவரத்தின் பெரும்பகுதி மின்னஞ்சலுக்கு மாறியது. அவ்வஞ்சல்களைத் தொகுத்துப் பேணுவதற்குரிய நெறிமுறைகளையும், ஒருங்குறிக்கு முற்பட்ட தமிழ்க் குறியேற்றங்களால் எழும் தனிச்சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்

மின்னஞ்சல், ஆவணக்காப்பு, குறியேற்றம், திஸ்கி, ஒருங்குறி, கடித இலக்கியம்.

முன்னுரை

உ.வே. சாமிநாதையர் (1855–1942) தமக்கு வந்த கடிதங்களைப் பேணி வைத்திருந்தமையால், சுவடிப் பதிப்பின் வரலாறு பதிப்புரைகளுக்கு வெளியேயும் அறியக் கிடைக்கிறது. புதுமைப்பித்தன் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என நூலாக வெளிவந்தமையால், அவர்தம் இறுதிக்கால வாழ்க்கை வெளிச்சம் பெற்றது. தாள், பெட்டியில் கிடந்தாலும் சில தலைமுறை தாங்கும். மின்னஞ்சலுக்கு அவ்வியல்பு இல்லை. கணக்கு உரியவரின் மறைவுக்குப் பின் கடவுச்சொல் அறியாத குடும்பத்தார்க்கு அது திறவாக் கதவு. ஈராண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நெறியைக் கூகுள் நிறுவனம் 2023இல் அறிவித்தது. எனவே மின்னஞ்சலைப் பொறுத்தவரை, எவரும் தொடாமல் விட்டுவைத்தலே அழிவுக்கு வழியாகிவிடும்.

உலக அளவிலான முன்மாதிரிகள்

ஆங்கிலக் கவிஞர் வெண்டி கோப்பின் ஆவணத் தொகுப்பைப் பிரித்தானிய நூலகம் 2011இல் விலைக்குப் பெற்றபோது, கையெழுத்துப் படிகளுடன் ஏறத்தாழ 40,000 மின்னஞ்சல்களும் அதில் அடங்கியிருந்தன. அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகம் 2013இல் ‘கேப்ஸ்டோன்’ என்னும் அணுகுமுறையை வெளியிட்டது. ஒவ்வோர் அஞ்சலையும் தனித்தனியே மதிப்பிடுவதை விடுத்து, உயர்பொறுப்பில் இருப்போரின் கணக்குகளை முழுமையாக நிலைக்காப்புக்கு உட்படுத்துவது அதன் அடிப்படையாகும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகம் உருவாக்கிய ‘இபேட்’ என்னும் கட்டற்ற மென்பொருள், மதிப்பீடு, செயலாக்கம், கண்டறிதல், வழங்கல் என நான்கு கூறுகளாக இப்பணியைப் பகுத்துக்கொள்கிறது. பெருந்தொகுதியைப் பிரிப்பதற்கு முன் முழுமையாகக் காத்தல் வேண்டும் என்பது இம்முன்மாதிரிகளால் பெறப்படும் கருத்தாகும்.

மின்னஞ்சலின் அமைப்பு

மின்னஞ்சல் ஒன்று தலைப்புப் பகுதி, செய்திப் பகுதி, இணைப்புகள் என்னும் மூன்றால் ஆனது. திரையில் தோன்றுவது தலைப்புப் பகுதியின் ஒரு சிறு கூறே. அஞ்சலின் தனி அடையாள எண், அது எந்த அஞ்சலுக்கு மறுமொழி என்னும் குறிப்பு, கடந்துவந்த வழங்கிகளின் வரிசை, எழுத்துக் குறியேற்றம் ஆகியன மறைந்தே நிற்கும். கடித உறையின் அஞ்சல் முத்திரை போன்றவை இவை. அஞ்சல்களை அச்சிட்டுக் கட்டி வைப்போரும், படக்கோப்பாக மாற்றிச் சேமிப்போரும் உறையைக் கிழித்தெறிந்து கடிதத்தை மட்டும் வைத்திருப்போரை ஒப்பர்.

மூலவடிவில் சேமிப்பதற்கு இரு முறைகள் பெருவழக்காக உள்ளன. ஓர் அஞ்சலுக்கு ஒரு கோப்பு என அமைவது ‘இஎம்எல்’. பல அஞ்சல்களை ஒரே கோப்பில் தொடர்ந்து எழுதுவது ‘எம்பாக்ஸ்’. பின்னதில் ‘ஃப்ரம்’ என்னும் ஆங்கிலச் சொல்லோடு தொடங்கும் வரியே அடுத்த அஞ்சலின் எல்லைக்குறியாகக் கொள்ளப்படும். கடிதத்துக்குள் ஒரு வரி அச்சொல்லில் தொடங்க நேரின், அதன்முன் ஒரு குறியைச் சேர்த்து வேறுபடுத்துவது வழக்கம். இது மூலபாடத்தில் நேரும் மாற்றமே. கோப்பு ஒன்று பழுதுற்றால் கேடு அவ்வளவில் நிற்பதாலும், இஎம்எல் வடிவம் நெடுங்காப்புக்கு ஏற்றதாகிறது.

தமிழ்க் குறியேற்றச் சிக்கல்

தொடக்கக்கால மின்னஞ்சல் ஏழு நுண்மி ஆங்கில எழுத்துகளுக்கென வகுக்கப்பட்டது. ஆதலின் தமிழர் முதலில் உரோமன் எழுத்தில் தமிழை எழுதினர். பின்னர் எட்டு நுண்மி அமைப்பில் திஸ்கி உருவாயிற்று. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாப், டாம் ஆகியவற்றை ஏற்றது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பல நாடுகளில் வாழும் தன்னார்வலரை இணையத்தின்வழி ஒருங்கிணைத்துத் தமிழ் நூல்களை மின்னாக்கியது இக்காலத்திலேயாகும்.

இக்கால அஞ்சல்களில் இருவகை இடர்கள் உள. முதலாவது, பொய்யான குறியேற்ற அறிவிப்பு. திஸ்கியில் எழுதப்பட்ட அஞ்சலின் தலைப்புப் பகுதி, அது மேலை ஐரோப்பிய எழுத்தில் அமைந்ததாகக் கூறுவதுண்டு. இன்றைய மென்பொருள் அவ்வறிவிப்பை நம்பி, தமிழைப் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகக் காட்டும். காட்டும் அளவில் நின்றால் கேடில்லை. அவ்வஞ்சலைப் பிறருக்கு மேலனுப்பினாலோ வேறு வடிவில் சேமித்தாலோ, அட்டவணையில் எழுத்தில்லாத இடங்கள் வினாக்குறிகளாக மாறக்கூடும். வெவ்வேறு தமிழ் எழுத்துகள் ஒரே வினாக்குறியானபின் அவற்றைக் கருவியால் மீட்டல் இயலாது. சுவடியில் செல்லரித்த இடத்தை ஊகத்தால் நிரப்பும் பதிப்பாசிரியரின் நிலையே அங்கு எய்தும்.

இரண்டாவது, எழுத்து வரிசை. திஸ்கி கண்ணுக்குத் தோன்றும் வரிசையைப் பின்பற்றுவது. ‘கொ’ என்பதில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்னும் முறையில் அது சேமிக்கும். ஒருங்குறியோ ககரத்தை முன்வைத்து உயிர்க்குறியை அதன்பின் வைக்கும். இவ்வேறுபாட்டைக் கருதாது எழுத்துக்கு எழுத்து மாற்றும் கருவி, சொற்களைச் சிதைத்துத் தேடலுக்குப் பயன்படாதவாறு செய்துவிடும். ஆகவே மாற்றத்துக்கு முன் மூலக்கோப்பைத் தொடாது காத்தலும், மாற்றிய படியைத் தனியே வைத்தலும், எக்கருவியால் எந்நாளில் மாற்றப்பட்டது எனக் குறித்தலும் இன்றியமையாதன. மூலச்சுவடியும் பெயர்த்தெழுதிய படியும் வேறுவேறாகப் பேணப்படும் மரபை இது ஒத்ததாகும்.

ஒழுங்குபடுத்தும் முறை

பெருந்தொகுதியைப் பொருள்வாரியாகப் பிரித்தடுக்கும் ஆர்வம் இயல்பானது. எனினும் உரியவர் வைத்திருந்த கோப்புறை அமைப்பே அவர்தம் பணிமுறைக்குச் சான்றாதலின், மூல ஒழுங்கைக் கலைத்தலாகாது. அதன்மேல் ஓர் அட்டவணையை அமைப்பதே தக்கது. எழுதியவர், பெற்றவர், நாள், பொருள், இணைப்பு, மறுமொழித் தொடர் ஆகியன அதில் இடம்பெறலாம். ஒருவரே பல முகவரிகளைப் பயன்படுத்துவதால், அவற்றை ஒரு பெயரின்கீழ்க் கொணரும் பெயரடைவும் தேவை. ஒரே அஞ்சல் பல கோப்புறைகளில் இருப்பின், தனி அடையாள எண்ணையும் கோப்பின் சரிபார்ப்புத் தொகையையும் ஒப்பிட்டு இரட்டிப்பை அறியலாம்.

நாள்வரிசையில் நேர வலயம் கருதத்தக்கது. டொராண்டோவில் ஜனவரி 15 இரவு 9 மணிக்கு எழுதப்பட்ட அஞ்சல், சிங்கப்பூரில் ஜனவரி 16 காலை 9 மணிக்கு எழுதப்பட்டதற்கு ஒரு மணிநேரம் பிற்பட்டதாகும். தேதியை மட்டும் நோக்கினால் விடை வினாவுக்கு முந்திவிடும். ஒரு பாடவேறுபாட்டை முதலில் சுட்டியவர் எவர் என்னும் வினா எழுமிடத்து, இப்பிழை முடிவையே மாற்றவல்லது.

உரிமையும் அந்தரங்கமும்

கடிதத்தாள் பெற்றவர்க்கு உரியது. அதன் எழுத்துக்கு உரிமையாளர் எழுதியவர். 1741இல் இங்கிலாந்தில் போப் – கர்ல் வழக்கில் நிலைபெற்ற இவ்வேறுபாடு மின்னஞ்சலுக்கும் பொருந்துவதே. ஒருவர் தம் தொகுதியை நூலகத்துக்கு அளிக்கும்போது, நூற்றுக்கணக்கானோரின் எழுத்தையும் உடனளிக்கிறார். என்ரான் நிறுவனத்தின்மீதான விசாரணையையொட்டி 2003இல் பொதுவெளிக்கு வந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் அஞ்சல்கள் மொழியாய்வுக்குப் பெரிதும் உதவின. ஆயினும் ஊழியரின் தனிவாழ்வுச் செய்திகளும் அவற்றுடன் வெளிப்பட்டன. எனவே பேணுதலையும் வெளியிடுதலையும் வெவ்வேறாகக் கொள்ளல் வேண்டும். முழுமையாகப் பேணி, குறித்த காலம் வரை மூடிவைத்து, ஆய்வாளர்க்கு நிபந்தனையுடன் திறத்தல் ஏற்புடைய நெறியாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. மின்னஞ்சல்களை உரியவர் வாழுங்காலத்திலேயே, அவர் ஒப்புதலுடன், தலைப்புப் பகுதியோடு மூலவடிவில் பதிவிறக்கிக் காத்தல் வேண்டும்.

2. ஒருங்குறிக்கு முற்பட்ட தமிழ் அஞ்சல்களை மேலனுப்பியோ மாற்றியோ சேமித்தல் மீட்கவியலா இழப்பை விளைக்கக்கூடும்.

3. மூல ஒழுங்கு கலையாது, அட்டவணையும் பெயரடைவும் அதன்மேல் அமைதல் வேண்டும்.

4. குறைந்தது மூன்று படிகளை இருவேறு ஊடகங்களில் வைத்து, ஒன்றை வேற்றிடத்தில் காத்துச் சரிபார்த்தல் வேண்டும்.

தமிழைக் கணினிக்குக் கொணர்ந்த முதல் தலைமுறையினரின் கடிதங்கள் இன்று பழைய வன்தட்டுகளிலும் மறந்த கணக்குகளிலும் சிதறிக் கிடக்கின்றன. சுவடி தேடி ஊரூராகச் சென்ற மரபினையுடைய தமிழ்த்துறைகள், ஓய்வுபெறும் பேராசிரியரிடம் நூல்களைக் கேட்டுப் பெறுவது போலவே மின்னஞ்சல் தொகுதியையும் கேட்டுப் பெறுதல் இப்பணிக்குத் தொடக்கமாக அமையும்.