ஹைலக்ஸில் ஏபிஎஸ் விளக்கு: சனையாவுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு

ஷார்ஜாவின் தொழிற்பேட்டையான சனையாவில் எந்தச் சந்தில் திரும்பினாலும் ஒரு கராஜ் இருக்கும், அதன் வாசலில் ஒரு ஹைலக்ஸ் பிக்கப் நிற்கும். ஊரில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இங்கே வந்து இறங்கும் பையன்களுக்கு இன்ஜின் வேலை ஓரளவு கைக்கு வந்திருக்கிறது. மீட்டர் போர்டில் மஞ்சளாக ஏபிஎஸ் விளக்கு எரியும் வண்டி வந்தால்தான் தடுமாறுகிறார்கள். ஸ்கேனரைச் செருகுவது, 'வலது முன் சென்சார்' என்று வந்ததும் கடைக்கு ஓடிப்போய் ஒன்று வாங்கி மாட்டுவது, மறுநாள் அதே வண்டி அதே விளக்கோடு வாசலில் நிற்பது. சென்சாரின் பெயர் வந்தால் சென்சார்தான் குற்றவாளி என்று யார் சொன்னது? அந்தச் சக்கரத்திலிருந்து வரவேண்டிய தகவல் வரவில்லை என்பதற்கு மேல் ஸ்கேனர் ஒன்றும் சொல்வதில்லை. வயரா, கப்ளரா, பேரிங்கா, சென்சாரா என்று பிரித்துப் பார்ப்பது உன் வேலை.

1. பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் டிரைவரிடம் பேசு. பட்டானோ மலையாளியோ, உன் அரைகுறை இந்தியிலேயே கேள். சாவி போட்டதும் அணையாமல் அப்படியே நிற்கிறதா? வண்டி கொஞ்ச தூரம் ஓடிய பிறகு எரிகிறதா? பள்ளத்தில் இறங்கும்போதா, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போதா? சாவி போட்டதிலிருந்தே எரிந்தால் அறுந்த வயர், ஃபியூஸ், ரிலே மாதிரி நிரந்தரக் கோளாறு என்று எடுத்துக்கொள். ஓடிய பிறகு எரிந்தால் ஏதோ ஒரு சக்கரத்தின் சிக்னல் காணாமல் போகிறது, அல்லது மற்ற மூன்றோடு ஒத்துவரவில்லை. ஒடிக்கும்போது எரிந்தால் முன் சக்கர வயரைத் தவிர வேறு எங்கும் முதலில் கை வைக்காதே. இன்னொரு கேள்வியும் உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: கடைசியாக இந்த வண்டியில் என்ன வேலை நடந்தது? பேரிங் மாற்றியதாகவோ பின் ஆக்ஸிலைக் கழற்றியதாகவோ சொன்னால், பாதி வேலை அங்கேயே முடிந்தது.

2. எத்தனை விளக்கு என்று பார். மஞ்சள் ஏபிஎஸ் மட்டும் என்றால் சாதாரண பிரேக் இருக்கிறது, அவசரத்தில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வேலை மட்டும் நின்றிருக்கிறது. கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் கதை வேறு. ஹேண்ட்பிரேக்கை முழுக்க இறக்கினார்களா, பிரேக் ஆயில் குறைந்திருக்கிறதா என்று உடனே பார். இரண்டும் சரியாக இருந்தும் சிவப்பு அணையவில்லை என்றால், முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக்கைப் பங்கு போடும் வேலையும் நின்றிருக்கலாம். பிக்கப்புக்கு இது சின்ன விஷயம் இல்லை. காலி பாடியில் பின்பக்கம் எடையே கிடையாது. ஓங்கி மிதித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டி, வால் பக்கவாட்டில் சுழலும். அமெரிக்காவில் ஃபோர்டு 1987-ல் தன் எஃப் வரிசைப் பிக்கப்புகளுக்கு ஏபிஎஸ் கொடுத்தபோது பின் சக்கரங்களுக்கு மட்டும் கொடுத்ததற்கும் இதுதான் காரணம். இரண்டு விளக்கும் எரியும் வண்டியை ரோட்டில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பாதே.

3. விளக்கு எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்படு. சாவி போட்டதும் சில வினாடி எரிந்து அணைய வேண்டும். எரியாத வண்டியில் யாரோ மீட்டரைக் கழற்றி பல்பைப் பிடுங்கியிருப்பார்கள், இல்லாவிட்டால் அந்த வயரை வேறு விளக்கோடு முடிச்சுப் போட்டிருப்பார்கள். வண்டிச் சோதனையில் பாசிங் வாங்குவதற்காகச் செய்த வேலை. ஏபிஎஸ் இல்லாமலே வந்த ஹைலக்ஸும் இங்கே ஓடுகிறது. பானெட்டுக்குள் பிரேக் பைப்புகள் கூடும் அலுமினியக் கட்டி, அதாவது ஏபிஎஸ் யூனிட், இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பேசு.

4. பேட்டரி, எர்த், ஃபியூஸ். இதில் நீட்ட ஒன்றுமில்லை. இன்ஜின் ஓடும்போது 13.5-லிருந்து 14.5 வோல்ட் வரை இருக்கட்டும். இந்த வெயிலில் பேட்டரி சீக்கிரம் சாகும். வோல்ட் இறங்கினால் ஏபிஎஸ் யூனிட் தானாகவே ஒதுங்கிக்கொண்டு விளக்கைப் போடும். ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நம்பாதே, இரண்டு முனையிலும் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்.

5. கோட் எடுக்க எப்போதும் பெரிய ஸ்கேனர் வேண்டும் என்பதில்லை. போனோடு சேரும் மலிவு ரீடர்களில் பெரும்பாலானவை இன்ஜின் கோட் மட்டும்தான் படிக்கும், பிரேக் பக்கம் போகாது. பழைய ஹைலக்ஸில் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பதினாறு பின் கப்ளரிலேயே வேலை முடியும். அகலமான வரிசை மேலே இருக்கும்படி நேராகப் பார்த்து, இடமிருந்து எண்ணு: மேல் வரிசையில் நான்காவது, கீழ் வரிசையில் ஐந்தாவது. இந்த இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவி போட்டால் ஏபிஎஸ் விளக்கு மின்னத் தொடங்கும். எண்ணும்போது அவசரப்படாதே, கீழ் வரிசையின் கடைசிப் பின்னில் பேட்டரி கரன்ட் எப்போதும் நிற்கிறது. கப்ளர் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கும் வண்டியும் உண்டு.

நிறுத்தாமல் ஒரே சீராக மின்னினால் கோட் எதுவும் இல்லை. மூன்று தடவை மின்னி, சற்று நின்று, ஒரு தடவை மின்னினால் 31: வலது முன். 32 இடது முன், 33 வலது பின், 34 இடது பின். 41 வந்தால் வோல்ட் குறைவு, 49 வந்தால் பிரேக் லைட் ஸ்விட்ச் பக்கம் பார். ஸ்கேனரில் இதே நான்கு சக்கரங்கள் சி 0200, சி 0205, சி 0210, சி 0215 என்று வரும். வந்ததைத் தாளில் எழுதிய பிறகுதான் அழிப்பதைப் பற்றி யோசி. எழுதாமல் அழித்துவிட்டால், கோளாறு மறுபடி வரும்வரை வண்டியைச் சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான்.

6. இப்போது வயர். என்னைக் கேட்டால் இந்த வேலையில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது. முன் சக்கர சென்சார் வயர் ஸ்டீயரிங்கோடு திரும்புகிறது, சஸ்பென்ஷனோடு ஏறி இறங்குகிறது. அதைப் பிடித்திருக்கும் கிளிப்பில் ஒன்று போனால் போதும், வயர் டயரிலோ ஆர்மிலோ உரசத் தொடங்கும். பின் வயர் ஆக்ஸில் மேலேயே ஓடுகிறது. ஓமான் பக்கம் வாடி என்னும் வறண்ட ஆற்றுப்படுகைக்குள் கூழாங்கல்லில் ஓடிவிட்டு வரும் வண்டிகளில் அந்த வயரை முதலில் தடவிப் பார்.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, டயரைக் கழற்று. வயரை இரண்டு விரலுக்குள் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெதுவாக இழுத்துக்கொண்டே போ. நல்ல இடத்தில் வயர் விறைப்பாக இருக்கும். உள்ளே செம்பு அறுந்த இடத்தில் மேல் ரப்பர் மட்டும் ரப்பர்பேண்ட் மாதிரி நீளும். அந்த இடத்தைக் கீறிப் பார்த்தால், செம்பு பச்சை பூத்தோ கறுத்தோ போயிருக்கும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரிந்திருக்காது. கண்ணுக்குத் தெரியாத இந்த அறுப்புக்குத்தான் சென்சார் மேல் சென்சாராக மாற்றுகிறார்கள். அதற்கப்புறம் கப்ளரைப் பிரித்து உள்ளே பார். கடற்கரைக் காற்றில் ஈரமும் உப்பும் சேர்ந்து பின்னைத் தின்றுவிடும். பிரஷரில் வண்டி கழுவிய தண்ணீரும் அங்கே போய்த்தான் நிற்கும்.

7. மீட்டரை வைப்பதற்கு முன் சென்சார் எந்த ஜாதி என்று தெரிந்துகொள். பழைய வகைக்குள் காந்தமும் சுருளும்தான். கழற்றி ஓம் பார்த்தால் ஆயிரத்தைச் சுற்றி ஒரு கணக்கு வரும். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் எண்ணை மனப்பாடம் செய்யாமல் இடதையும் வலதையும் அளந்து ஒப்பிடு. சுருளுக்கும் பாடிக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஏசி வோல்ட் எழும்ப வேண்டும். புது வகைக்குள் சின்ன எலக்ட்ரானிக் சர்க்யூட் இருக்கிறது, யூனிட்டிலிருந்து கரன்ட் வாங்கித்தான் வேலை செய்யும். அதை ஓம் மீட்டரில் அளந்து 'செத்துவிட்டது' என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம். கப்ளரைக் கழற்றி, யூனிட் பக்கத்து வயரில் கரன்ட் வருகிறதா என்று பார். கோளாறு பதிவானதும் கரன்டை நிறுத்திவிடும் யூனிட்டும் உண்டு, சாவியை ஒரு தடவை அணைத்துப் போட்டுவிட்டு அள.

ஓடும் டேட்டா காட்டும் ஸ்கேனர் கையில் இருந்தால் நாலு சக்கர வேகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வை. காலி இடத்தில் நேராக, மெதுவாக ஓட்டு. மூன்று இருபது காட்டும்போது ஒன்று மட்டும் விட்டு விட்டு பூஜ்யத்துக்குப் போனால், அதைக் கண்டுபிடித்தாயிற்று. ஓட்டுபவன் வேறு ஆளாக இருக்கட்டும், நீ திரையைப் பார்.

8. பேரிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், இதை ஐ.டி.ஐ.யில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். சென்சாருக்கு எதிரே சுற்றும் சாமானிலும் இரண்டு வகை: ஒன்று இரும்புப் பல் வளையம். இன்னொன்றில் பல்லே கிடையாது. பேரிங்கின் சீலிலேயே வடக்கு, தெற்கு என்று மாறி மாறிக் காந்தம் ஏற்றியிருக்கும். பார்வைக்கு இரண்டு பக்கச் சீலும் ஒரே கறுப்பு ரப்பர்தான். காந்தப் பக்கம் சென்சாரைப் பார்க்காமல் திருப்பி அடித்து ஏற்றினால், பேரிங் சத்தமில்லாமல் நன்றாகச் சுற்றும், சிக்னல் மட்டும் வராது. புது பேரிங், புது சென்சார், விளக்கு மட்டும் பழசு. ஏற்றுவதற்கு முன் ஒரு சின்ன ஊக்கைச் சீலின் பக்கத்தில் கொண்டுபோனால் காந்தப் பக்கம் எதுவென்று தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தைச் சுத்தியலாலோ காந்தம் ஏறிய டூலாலோ தொடாதே.

பல் வளைய வண்டியில் பல் உடைந்திருக்கிறதா, வளையம் விரிசல் விட்டிருக்கிறதா என்று ஒரு சுற்று முழுக்கப் பார். பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும் இடைவெளி மாறும். வண்டி நிற்கப்போகும் கடைசி சில மீட்டரில் காரணமே இல்லாமல் பெடல் கரகரவென்று உதறுகிறது என்று டிரைவர் சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான். பழைய வகை சென்சாரின் நுனியையும் துடை. பாலைவன மணலில் காந்தத்தை இழுத்தால் கறுப்புப் பொடி ஒட்டுமே, அதே பொடியும் பிரேக் தூளும் அங்கே தாடி மாதிரி வளர்ந்திருக்கும். துணியால் துடைத்தால் போதும், அரம் போடாதே.

9. டயர் சைஸ். நாலும் ஒன்றா என்று பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படி. பஞ்சரானபோது மாட்டிய ஸ்டெப்னி வேறு சைஸாக இருந்து, அதற்காக ஏபிஎஸ் யூனிட் வரை கழற்றிய கராஜ்கள் இருக்கின்றன.

10. பம்ப்பும் யூனிட்டும் கடைசி. கோட் அவற்றின் பெயரைச் சொன்னாலும், கரன்டும் எர்த்தும் லோடில் சரியாகப் போகின்றனவா என்று பார்க்காமல் கை வைக்காதே. ஸ்கிராப்பிலிருந்து வாங்கி மாற்றுவதாக இருந்தால் பார்ட் நம்பர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டும். மாற்றிய பிறகு வழக்கம் போல நாலு சக்கரத்தில் ஏர் எடுத்தால் மட்டும் போதாமல் போகலாம். யூனிட்டுக்குள் நிற்கும் காற்றை வெளியேற்றப் பல வண்டிகளில் ஸ்கேனரால் பம்ப்பை ஓடவிட வேண்டும். பிரேக் ஆயில் எத்தனை வருடம் பழசு என்பதையும் அப்போதே கேள். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்துப் பழசானால் அந்த அளவு 140 வரை இறங்கிவிடும். இங்கே கடலோர ஈரத்தில் அது சீக்கிரமே குடிக்கும்.

11. சரிசெய்து கோட்டை அழித்ததும் விளக்கு நின்ற இடத்திலேயே அணையவில்லை என்று பதறாதே. சக்கரம் சுற்றும் சிக்னலைப் பார்த்த பிறகுதான் சில வண்டிகள் அணைக்கும். ஆளில்லாத, மணல் படியாத தார்த்தரையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஓங்கி மிதித்துப் பார். பெடல் காலுக்கடியில் துடிக்க வேண்டும், ஸ்டீயரிங் உன் பேச்சைக் கேட்க வேண்டும்.

12. 'ஃபியூஸைப் பிடுங்கிவிடு, மணலில் ஏபிஎஸ் தொல்லை' என்று கேட்டு வருவார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. தளர்ந்த மணலில் பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் மணலைக் குவித்து, அதில் முட்டி நிற்கும். ஏபிஎஸ் அதைச் செய்ய விடாததால் தூரம் கூடுகிறது. ஆனால் அந்த வண்டி மணலில் ஓடுவது வாரத்தில் எத்தனை மணி நேரம்? மிச்ச நேரமெல்லாம் எமிரேட்ஸ் ரோட்டில் ட்ரெய்லர்களுக்கு நடுவே ஓடுகிறது. நான் பிடுங்குவதில்லை. முல்கியா என்னும் வண்டிப் பதிவைப் புதுப்பிக்க நாளைக்குக் கடைசி நாள், விளக்கை மட்டும் அணைத்துக் கொடு என்பவர்களுக்கும் இதே பதில்தான். வேறு கராஜுக்குப் போவார்கள், போகட்டும்.

13. கண்டுபிடிப்பதற்குத் தனிக் கூலி என்று ஆரம்பத்திலேயே வண்டி முதலாளியான அர்பாபிடம் பேசிவிடு. ஒரு துண்டு வயர் ஒட்டியதற்கு இவ்வளவா என்று பின்னால் சத்தம் வராது. என்ன கோட் வந்தது, எந்தச் சக்கரத்தில் என்ன செய்தாய் என்பதை பில்லின் பின்பக்கம் எழுதி, அறுந்த வயரையோ பழைய பேரிங்கையோ ஒரு பையில் போட்டு வண்டியிலேயே வைத்துவிடு. சில மாதம் கழித்து வேறொரு சக்கரத்தின் கோடோடு அதே வண்டி வந்து, 'போன தடவை நீ பார்த்தது இதுதானே' என்று கேட்டால், அந்த பில்லைக் கொண்டுவரச் சொல்.