தண்டனையில் நீதியும் சங்கத்தாரின் கடமையும்

வறுமை பெருகிய நாட்டில் தண்டனை ஒன்றினாலேயே களவை ஒழித்தல் இயலாது என்பது பகவான் புத்தரின் போதனை. தீக நிகாயத்தைச் சேர்ந்த சக்கவத்தி சீகநாத சுத்தம் இதனை ஒரு கதையால் விளக்குகிறது. அரசன் ஒருவன் ஏழைகளுக்குப் பொருளளிக்கும் கடமையைக் கைவிட்டான். வறுமை மிகுந்தது, வறுமையினின்று களவு பிறந்தது. பிடிபட்ட முதற் கள்வன், பிழைக்க வழியின்றித் திருடியதாகக் கூறினான். அரசன் அவனுக்குப் பொருள் கொடுத்து அனுப்பினான். அதைக் கேள்வியுற்ற பிறரும் திருடத் தொடங்கினர். அஞ்சிய அரசன் அடுத்துப் பிடிபட்டவனின் தலையை வெட்டுவித்தான். அதைக் கண்டவர்களோ, தாமும் கூரிய ஆயுதங்கள் செய்து கொலையிலும் இறங்கினர்.

அவ்வரசன் ஒருகால் இரக்கத்துக்கும், ஒருகால் அச்சத்துக்கும் ஆட்பட்டான், ஒருபோதும் ஆராயவில்லை. குற்றம் யாது, செய்தவன் யார், எந்நிலையில் செய்தான், எவ்வாறு திருந்துவான் என்னும் நான்கையும் ஆராய்ந்து அளிப்பதே முறையான தண்டனை.

இனி நம் ஊரை நோக்குவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படை முகாமாக இருந்த இடத்தில், பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகள் குடியேறினர். 1949ஆம் ஆண்டு அதற்கு உல்லாஸ்நகர் என்று பெயர் சூட்டப்பட்டது. பிழைப்பு நாடிப் பிற மாநிலத்தாரும் வந்தனர்; தமிழராகிய நாமும் வந்தோம். இங்கே கூலி வேலை செய்யும் தமிழ் இளைஞன் ஒருவன் சிறு திருட்டுக் குற்றச்சாட்டில் கைதாகிறான் என்று கொள்வோம். நீதிமன்றம் ஜாமீன் அளிக்கிறது. ஆனால் ஜாமீன் நிற்க ஆளில்லை. பெற்றோர் திருநெல்வேலியில், ரேஷன் கார்டும் அவ்வூர் முகவரியில், இங்கே அவனுக்கு உள்ளது வாடகை அறை ஒன்றே. ஜாமீன் உத்தரவு பெற்றும் அவன் கல்யாண் ஆதார்வாடிச் சிறையிலேயே கிடக்க நேரிடுகிறது. பணமுள்ளவனோ அன்று மாலையே வீடு திரும்புகிறான். குற்றம் ஒன்றே, வறுமைக்கு மட்டும் தனித் தண்டனை!

இத்துன்பம் புதிதன்று. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனாரான மோத்திராம் என்பவருக்கு மாஜிஸ்திரேட் ரூ. 10,000 ஜாமீன் கேட்டார். அவருடைய சகோதரர் முன்வந்தபோது, அவர் சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளதென்று மறுத்தார். 1978இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அம்மறுப்பைக் கண்டித்து, ரூ. 1,000 சொந்தப் பிணையில் அவரை விடுவித்தார். தமிழனோ மலையாளியோ தொலைவூரில் கைதானால், அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்றும் அத்தீர்ப்பு வினவியது. ஆயினும் 2022ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகள். அதாவது நால்வரில் மூவர்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின்படி, ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றம் செய்தவர் 21 வயதுக்குட்பட்டவராயின், தக்க காரணமின்றி அவரைச் சிறைக்கு அனுப்பலாகாது. நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையையும் நீதிமன்றம் கேட்டுப் பெறல் வேண்டும். மாநில அரசு அங்கீகரித்த சங்கம் அளிக்கும் ஒருவரும் அவ்வதிகாரியாக இருக்கலாம் என்று அச்சட்டமே கூறுகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டம், சமூகசேவையையும் ஒரு தண்டனையாக ஏற்றுள்ளது. ரூ. 5,000க்குக் குறைந்த பொருளைத் திருடி, முதன்முறை குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்றவன் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால், சமூகசேவையே அவனுக்குரிய தண்டனை. தாழ்த்தப்பட்டோர், பெண்கள், காவலில் உள்ளோர் ஆகியோருக்கு வருமானம் பாராது இலவச வக்கீல் உதவி அளிக்க 1987ஆம் ஆண்டின் சட்டம் உள்ளது.

ஆனால் சட்டம் தானே நடந்து சிறை வாசலுக்குச் செல்வதில்லை. அதைக் கொண்டு செல்ல மனிதர் வேண்டும். சங்கத்தார் செய்யத்தக்கவை நான்கு. முதலாவது, ஒருவர் கைதானதும் அவர் குடும்பத்தாரை இலவசச் சட்ட உதவிக் குழுவிடம் அழைத்துச் செல்லுதல். இரண்டாவது, அவரை நன்கறிந்தோர் ஜாமீன் நிற்றல். அவர் தவணைக்கு வராவிடில் ஜாமீன்தாரர் பணம் கட்ட நேரும். ஆதலின் ஆளறிந்தே நிற்றல் வேண்டும். மூன்றாவது, அவருடைய குடும்பம், வேலை, வயது ஆகியவற்றின் உண்மை நிலையைச் சான்றுகளோடு வக்கீலுக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் தெரிவித்தல். நான்காவது, விடுதலையானவருக்கு வேலை தேடித் தருதல். செம்பூரை அடுத்த தேவனாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் பிரயாஸ் அமைப்பு, 1990 முதல் சிறைப்பட்டோரிடையே தொண்டு செய்து வருகிறது. அத்தகையோரிடம் நம் இளைஞர்கள் பயிற்சி கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நம்மவர் என்பதற்காகக் குற்றத்தை மறைப்பதோ, சாட்சிகளை மிரட்டுவதோ, பெண்களுக்கு இழைத்த கொடுமையைப் பஞ்சாயத்துப் பேசி மூடுவதோ தம்மமாகாது. பொருளை இழந்தவரும் உழைத்து வாழும் ஏழையாக இருக்கலாம். அவருடைய இழப்பை ஈடு செய்யாத திருத்தம் அரைத் திருத்தமே.

நாம் ஆலையில் தறி ஓட்டிய காலத்தில், பாவில் ஓர் இழை அறுந்தால் பாவையே வெட்டி எறிந்ததில்லை. தறியை நிறுத்தி, அறுந்த முனையைத் தேடியெடுத்து, முடிச்சிட்டு மீண்டும் ஓட்டினோம். காணாதவர் போல் ஓட்டிக்கொண்டே இருந்தால் துணி முழுதும் பழுதாகும். மனிதர் வாழ்விலும் தறியை நிறுத்தி முடிச்சிடுவோர் வேண்டும்.

ஆகவே சகோதர சகோதரிகளே! அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில், மராத்தியும் இந்தியும் அறிந்த இருவரை ஒவ்வொரு சங்கமும் இப்பணிக்கென நியமிப்பதாக. ஜாமீன் நிற்க ஆளின்றி நம்மில் ஒருவரும் ஒரு நாளேனும் சிறையில் கிடக்கலாகாது. கருணை என்று நாம் ஓதும் சொல்லுக்கு இதுவே செயல்.